கனவில் சாப்பிட்டால் கொழுப்பு ஏறுமா?

மெத்தை மாமாவின் வலது கை விரல்களை அவர் மனைவி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோப்பு வாசனை வருது," என்றாள்.

"கை கழுவினா சோப்பு வாசனை வராம வேற என்ன வரும்?"

"எதுக்குக் கழுவினீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

கழுவாமல் வந்திருந்தால் அதற்கும் ஒரு கேள்வி இருந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் ரத்தப் பரிசோதனை முடிவு விரித்துக் கிடந்தது. காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன் மேல் உப்பு ஜாடி உட்கார்ந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கொழுப்பு இருநூற்று அறுபது. இப்போது இருநூற்று எண்பத்தைந்து. இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டுக்குள் வெண்ணெய் என்ற சொல்லைக்கூட யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"சத்தியமா வெளியில ஒரு துண்டுகூடத் தொடலைம்மா."

"நீங்க தொடல. நான் பொரிக்கல. அப்புறம் எப்படி ஏறிச்சு? எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்டது உங்க ரத்தத்துல வந்து சேர்ந்துச்சா?"

அவள் கத்தியிருந்தால் மாமா சமாளித்திருப்பார். ஆனால் கேட்டு முடித்தவுடன் அவள் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அவரைச் சோம்பேறி என்றிருக்கிறாள், மறதிக்காரர் என்றிருக்கிறாள், ஒரு முறை உறவினர் கூட்டத்தின் நடுவே நின்று மண்டு என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். பொய்க்காரர் என்று மட்டும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லைதான். பார்வை சொன்னது. கொழுப்பு ஏறியதைவிட அதுதான் மாமாவுக்கு நெஞ்சில் போய் அடைத்தது.

மாமாவின் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். கேட்பவர்கள் பொதுவாக நம்புவதில்லை. அவர் மெத்தை செய்யும் ஒரு கம்பெனியில் தூங்குகிறார். தூங்கி வழிகிறார் என்று அர்த்தமில்லை, தூங்குவதுதான் உத்தியோகம். புது மாதிரி மெத்தை எது வந்தாலும், கடைக்குப் போகும் முன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அதில் படுத்துத் தூங்க வேண்டும். எழுந்ததும் இடுப்பு இறங்குகிறதா, தோள்பட்டை சூடாகிறதா, உள்ளே ஸ்பிரிங் முனகுகிறதா என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். அளந்து பார்க்க மெஷின் ஒன்றும் இருக்கிறது. முதலாளி அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். மாமாவின் முதுகு சொன்னால் சொன்னதுதான் என்பது அவர் கட்சி.

தெருவுக்கெல்லாம் அவர் மெத்தை மாமா ஆனது இப்படித்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரு மருத்துவப் பரிசோதனை வைத்ததில்தான் வினை தொடங்கியது. டாக்டரம்மா மாமாவையும் அவர் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார்.

"கொலஸ்ட்ரால்னா விஷம்னு நினைச்சுக்காதீங்க. அது இல்லாம உடம்புல ஒரு செல்கூட நிக்காது. வேணுங்கறதைக் கல்லீரலே தயார் பண்ணிக்கும். மொத்தம் இருநூறுக்குள்ள இருந்தா நிம்மதி. அதுல கெட்டதுன்னு ஒண்ணு, நல்லதுன்னு ஒண்ணு. கெட்டது அதிகமானா ரத்தக்குழாய்ச் சுவர்ல போய் ஒட்டிக்கும். நல்லது பின்னாலயே வந்து அதைக் கூட்டிப் பெருக்கிக் கல்லீரலுக்கே திருப்பிக் கொண்டுபோகும். உங்களுக்கு ஒட்டறவங்க நிறைய, பெருக்கறவங்க கம்மி."

"எனக்கு எங்கேயும் வலிக்கலையே, டாக்டரம்மா?"

"வலிக்காது. அதுதான் இதுல இருக்கற வம்பே. குழாய் அடைச்சதுக்கு அப்புறம் நெஞ்சோ மூளையோதான் வந்து சொல்லும். அப்பச் சொல்லி என்ன பிரயோஜனம்? மூணு மாசம் வாயைக் கட்டுங்க, நடங்க. குறையலைன்னா மாத்திரை."

அன்று முழுவதும் மாமா தன் உடம்புக்குள் ஓடும் ஆற்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். சிவப்பு ஆறு. அதில் மஞ்சள் மஞ்சளாக வெண்ணெய்ப் படகுகள். துடுப்புப் போடுவார் யாருமில்லாமல் அவை மெல்ல மிதந்துபோய் ஒரு வளைவில் ஒதுங்கி நின்றுவிடுகின்றன. பயமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழகாகவும் இருந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் எண்ணெய் பாட்டில் அலமாரி உச்சிக்குப் போனது. வாணலி ஆணியில் தொங்கியது. எல்லாம் வேகவைத்தே வந்தன. மனைவியும் அதையேதான் சாப்பிட்டாள். பொரித்தது என்றால் உயிரை விடுகிறவள் அவள்.

"உனக்கென்னம்மா தலையெழுத்து? நீ வேணா பொரிச்சுச் சாப்பிடேன்."

"நீங்க அந்தப் பக்கம் உட்கார்ந்து வெந்த கேரட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது எனக்குத் தொண்டையில இறங்குமா?"

இப்படிச் சொன்னவளிடம்தான் இன்று அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வேறு வழி தெரியாமல், இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

"நான் வேணா உண்மையைச் சொல்லிடறேன். கனவுல சாப்பிடறேன்."

அவள் கையை விட்டாள். "என்னது?"

"மத்தியானம் தூங்கறேன்ல, அப்ப. தினமும் ஒரே கனவு. ஒரு வெள்ளைக்கார... இல்ல, வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு அம்மா தர்றாங்க."

"ஓகோ. அழகா இருப்பாங்களோ?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று மாமாவுக்குப் புரிந்தது. ஆனால் கனவு அப்படித்தான் இருந்தது. அவர் என்ன செய்வார்?

மாமா தூங்கும் சோதனை அறை கம்பெனிக் கோடவுனின் கடைசியில் இருந்தது. ஜன்னலுக்கு நீலத் திரை. மெத்தைகளை வண்டியிலிருந்து இறக்குவதற்காகப் பின்சந்தைப் பார்த்து ஒரு கதவு. மத்தியான வெயில் திரை வழியாக வடிந்து தரையில் தேங்கும்போது, அடுக்கிய மெத்தைகள் தூரத்து மலைகளாகிவிடும். மாமா கண்ணை மூடுவார். முதலில் மின்விசிறியின் சத்தம் விலகும். பிறகு உடம்பின் கனம் விலகும். அதன் பிறகு அவர் ஒரு நீண்ட பாதையில் போய்க்கொண்டிருப்பார். இரு பக்கச் சுவரும் வெதுவெதுவென்று இருக்கும். காற்றே இனிக்கும். பாதை முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடி மாளிகை. அதற்குள் மேகங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். மஞ்சள் நிலா துண்டு துண்டாக நறுக்கிக் கிடக்கும். வெள்ளை உடையில், தலையில் வெள்ளையாக ஏதோ சூடிய ஒரு மகாராணி எதுவும் கேட்காமலே அவர் முன் ஒரு தட்டை வைப்பாள். அவர் சட்டைப் பையிலிருந்து பூக்களை எடுத்து நீட்டுவார். அவள் அவற்றை வாங்கிக்கொண்டு, சின்னப் பூக்களாக ஒன்றிரண்டைத் திருப்பித் தருவாள். தட்டில் இருப்பது வாயில் வைத்ததும் கரையும். எட்டுத் திக்கும் போகிற ஆசையெல்லாம் ஒரு வாயில் அடங்கும்.

விழிக்கும்போது நாக்கு இனிக்கும். சாயங்காலம் பசியே இருக்காது. மனைவி அதைப் பார்த்து உச்சி குளிர்ந்து, "பார்த்தீங்களா, உடம்பு பழகிடுச்சு," என்பாள். மாமா வெந்த கேரட்டைப் பக்கவாட்டில் நகர்த்துவார். வேறொருத்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்போல் அவருக்குக் குறுகுறுக்கும்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனார்கள். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டே விட்டார்.

"டாக்டரம்மா, கனவுல சாப்பிட்டா கொழுப்பு ஏறுமா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "கனவுல ஓடினா கால் வலிக்குமா?"

"லேசா வலிக்குதுங்க."

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"கனவு ரத்தத்துல கலக்காதுங்க," என்றார் டாக்டரம்மா. "சில பேருக்கு என்னதான் வாயைக் கட்டினாலும் கல்லீரலே அதிகமாத் தயாரிச்சுத் தள்ளும். பரம்பரையா வர்றது. மாத்திரை எழுதறேன், இன்னைக்கே ஆரம்பிங்க. நடையை விடாதீங்க."

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும், "கேட்டியா? கல்லீரல் பண்ற வேலை. நான் நிரபராதி," என்றார்.

"உங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இது இல்லைன்னு நீங்கதான பெருமையடிச்சுக்கிட்டீங்க? மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு உண்மை தெரியணும்."

மாத்திரையை அவர் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அதோடு கனவைத் திருத்தும் வேலையிலும் இறங்கினார். அங்கேதான் பிடித்தது சனி.

காலையில் இரட்டிப்பு நேரம் நடந்தார். நடந்த களைப்பில் மத்தியானம் மரக்கட்டைபோல் தூங்கினார். தூக்கம் ஆழமானதும் மகாராணி ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு வைக்கத் தொடங்கினாள்.

தூங்கும் முன், "எனக்குக் கேரட் போதும், எனக்குக் கேரட் போதும்," என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடிப் பார்த்தார். கனவில் அதைச் சொல்லவும் செய்தார் போலிருக்கிறது. மகாராணி யோசித்துவிட்டு ஒரு ஆரஞ்சு நிறத் துண்டை எடுத்து வைத்தாள். உள்ளே கேரட் இருந்தது. சுற்றிலும் கிரீமும் இருந்தது. முன்னதைவிட அதுதான் நன்றாக இருந்தது.

கடைசியில் தூங்காமலே இருந்துவிடுவது என்று முடிவுக்கு வந்தார். மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு, திரையில் நீலக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

"என்ன இது? முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாமா எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க முதலாளி. இன்னைக்கு என்னமோ..."

"வேலை நேரத்துல முழிச்சுக்கிட்டு இருந்தா எப்படிங்க? நம்பித்தானே உங்ககிட்ட மெத்தையை ஒப்படைச்சிருக்கேன்? நாளைக்கு ஒரு நாள் உட்கார்ந்து பாப்பீங்க, நாளன்னைக்குப் பேப்பர் படிப்பீங்க. அப்புறம் மத்தவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

தண்டனையாகவோ அன்பாகவோ, முதலாளி அன்றே புது மாதிரி ஒன்றை இறக்கிவைத்தார். படுத்தால் படுத்திருக்கிறோம் என்பதே தெரியாத மெத்தை. மாமா உட்கார்ந்துதான் பார்த்தார். உட்கார்ந்தது வரைதான் அவருக்கு ஞாபகம். அன்றைய மாளிகை முழுக்க வெளிச்சமாக இருந்தது.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. "சாப்பாடு", "மாத்திரை", "விளக்கை அணைங்க" என்று மூன்றே சொல்லில் குடும்பம் நடந்தது. மாமா வெந்த பீன்ஸைப் பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார், மறுபடி பீன்ஸைப் பார்ப்பார். ஒரு நாள் தாங்க முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"நான் செத்துப்போனாலும் பரவாயில்லம்மா. ஆனா நான் உன்னை ஏமாத்தினேன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்கற வீட்டுல எனக்கு உயிரோட இருக்க முடியாது. நாளைக்கு என்கூட வா. பக்கத்துலயே உட்காரு. கண்ணால பாரு."

அவள் வந்தாள். முதலாளி பெரிய மனது பண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். மாமா அவள் கண்ணெதிரே வேகவைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, கையைக் கழுவாமல் நீட்டிக் காட்டி, பிறகு கழுவிக்கொண்டு வந்து படுத்தார். அவள் துப்பறிய வந்தவளுக்கு உரிய முறையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில், "இது என்ன, ஃபேன் சத்தமே இப்படித் தாலாட்டுது?" என்றாள்.

"இந்த அறை அப்படித்தான்."

"முதுகு வலிக்குது. பக்கத்து மெத்தையில சும்மா உட்கார்ந்துக்கறேன். படுக்க மாட்டேன்."

"உட்காரு."

உட்கார்ந்தாள். சாய்ந்தாள். "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று சொன்னாள். அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் குறட்டையாக முடிந்தது.

மாமா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நீல வெளிச்சத்தில் அவள் முகத்திலிருந்த கடுகடுப்பெல்லாம் கரைந்து, கல்யாணமான புதிதில் பேருந்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிய பெண்போல் இருந்தாள். மூன்று மாதமாக விடியும் முன் எழுந்து, தனக்குப் பிடிக்காததை அவருக்காகச் சமைத்து, அவருக்காகவே சாப்பிட்ட களைப்பு அது. மாமா போர்வையை எடுத்து அவள் கால்வரை இழுத்துவிட்டார். இவள் நன்றாகத் தூங்கினால் போதும், எனக்கு எத்தனை ஏறினால் என்ன என்று தோன்றியது. அப்படியே கண்ணை மூடினார்.

அன்றைய கனவைப்போல் ஒரு கனவு அவருக்கு வந்ததில்லை. பாதையெங்கும் தங்கப்பொடி மிதந்தது. வெண்ணெய்ப் படகுகள் தலைக்கு மேலே வானத்தில் போயின. மகாராணி வைத்த தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தபோது, இதை மனைவியும் ஒரு தரம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று ஏக்கமாக இருந்தது. அந்த ஏக்கத்தோடேயே இரண்டாவது தட்டையும் முடித்தார்.

கண் விழித்தபோது மனைவி குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெல்லாம் நீர்.

"என்னம்மா ஆச்சு?"

"நான் கண்ணசந்தது கொஞ்ச நேரந்தாங்க. முழிச்சுப் பார்த்தா நீங்க இங்கேயே, போட்டது போட்டபடி படுத்திருக்கீங்க. ஆனா வாய் மட்டும் அசையுது. குழந்தை மாதிரி மென்னுக்கிட்டே சிரிக்கறீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், கனவுலதான் சாப்பிடறீங்க. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் பாவி, உங்க கையை மோந்து மோந்து பார்த்தேன்."

"சேச்சே. அதுக்கென்ன, சொந்தக் கைதான."

"இனிமே உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். என்ன ஏறினாலும் அது கல்லீரல் பண்ற வேலை. டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன்."

மாமாவுக்கு மெத்தையைவிட்டு இறங்கியும் மிதப்பாகவே இருந்தது. இத்தனை நாள் பாரம் இறங்கிவிட்டது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், முகர்ந்து பார்க்காமல். முதலாளி வந்து மெத்தை எப்படி என்று கேட்டார். பதில் சொன்னது மனைவிதான்: "ஒரு குறையும் இல்லைங்க. அடுத்த வாரமும் வேணா வர்றேன்."

முன்பக்கம் இரண்டு லாரிகள் வழியை அடைத்து நின்றன.

"இந்தக் கதவு வழியாப் போனா என்ன?" என்றாள் மனைவி.

"அது பின்சந்து. நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே."

"இன்னைக்குப் போவோம் வாங்க. காலாற நடந்து எத்தனை நாளாச்சு!"

சந்தில் வெயில் தாழ்ந்து, சுவர்கள் பகலின் சூட்டை இன்னும் வைத்திருந்தன. புதுமணத் தம்பதிபோல் இருவரும் மெதுவாக நடந்தார்கள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். மாதத்துக்கு ஒரு தரம் தனக்கு மட்டும் ஒரு கைப்பிடி பொரித்துக்கொண்டால் தப்பில்லையே என்று கேட்டாள். தாராளமாக என்றார் மாமா. வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பெயரோடு அவர் நடந்ததில்லை.

"தாகமா இருக்குங்க. அதோ ஒரு பேக்கரி. தண்ணி பாட்டில் வாங்கிக்கலாம். அங்க இருக்கறதையெல்லாம் நீங்க பார்க்கக்கூட வேணாம், மனசு கஷ்டப்படும். என் பின்னாலயே நில்லுங்க."

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு முன்னே போனாள். மாமா சொன்ன பேச்சைக் கேட்டு, தரையைப் பார்த்தபடி பின்னால் போனார். வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக அடுப்பிலிருந்து தட்டு எடுத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரம்மா, "ஒரு தண்ணி பாட்டில்," என்ற குரலுக்குத் திரும்பினாள். அவள் கண் மனைவியைத் தாண்டிப் போய், பின்னால் நின்றவர்மேல் பதிந்தது. முகம் மலர்ந்தது.

"அட, இப்பத்தான ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டுப் போனீங்க சார்! என்ன அதிசயம், இந்தத் தடவை கண்ணைத் தொறந்துக்கிட்டு வந்திருக்கீங்க?"